"பாத்து ஊத்துமா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க டீச்சர்

எங்க எதிர் ஃப்ளாட் டீச்சர் 2024 பிப்ரவரி கடைசில டல்லாஸ் கிளம்பினாங்க. பொண்ணுக்குப் பிரசவம், ஆறு மாசம் இருந்துட்டு வரணும். கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி வீட்டுச் சாவிய என் கையில குடுத்துட்டு ஒவ்வொரு தொட்டியா கூட்டிட்டுப் போய் காமிச்சாங்க, மொத்தம் 31 தொட்டி, ஹால்ல ஒம்போது, பால்கனில மீதி. கடைசியா ஹால் ஜன்னல் ஓரமா ஒரு பெரிய பீஸ் லில்லி, வெள்ளப் பீங்கான் ஜாடிக்குள்ள, இலையெல்லாம் அப்படியே பளபளன்னு. "இது சார் வாங்கினது, நான் ரிட்டயர் ஆன அன்னிக்கு"ன்னாங்க. சார் இப்ப இல்ல. அதுக்கு மேல அவங்களும் எதுவும் சொல்லல நானும் கேக்கல. வாசல்ல நின்னு "தண்ணி மட்டும் பாத்து ஊத்துமா"ன்னு ஒரு தடவ சொன்னாங்க, அவ்ளோதான்.

நானும் பாத்துதான் ஊத்தினேன். ஆனா எதப் பாத்தேன்னா இலையப் பாத்தேன்.

மூணாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம் போறேன், லில்லி தொங்கிப் போய் இருக்கு, இலையெல்லாம் ஜாடிக்கு வெளிய குடை மடக்கின மாதிரி சரிஞ்சு கிடக்கு. மனசு பதறிப் போச்சு. ஒரு சொம்பு தண்ணி ஊத்தினேன். மறுநாள் காலைல போனா இன்னும் தொங்குது, சரி நேத்து ஊத்தினது பத்தல போலன்னு இன்னும் ஒரு சொம்பு. மூணாம் நாளும் அதே கதை. நாலாம் நாள் கீழ் இலை ரெண்டு மஞ்சளாயிடுச்சு, கிட்டப் போனா லேசா ஒரு வாடை, மழைக்காலத்துல தேங்கின சாக்கடைத் தண்ணி வருமே அந்த மாதிரி. அப்பதான் டீச்சருக்கு வீடியோ கால் போட்டேன், இங்க ராத்திரி ஒம்போது மணி, அங்க அவங்களுக்குக் காலை. அழுகை வராத குறைதான்.

அவங்க திட்டவே இல்ல. "இலைய அப்புறம் காமி, மொதல்ல உள்ள இருக்குற பிளாஸ்டிக் தொட்டிய வெளிய தூக்கு"ன்னாங்க. பீங்கான் ஜாடிக்குள்ள இன்னொரு தொட்டி இருக்குங்குறதே எனக்கு அப்பதான் தெரியும். தூக்கினா, ஜாடி அடில ரெண்டு இஞ்ச்சுக்குத் தண்ணி, பழுப்பு நிறத்துல, மேல எண்ணெய் மாதிரி ஒரு படலம். ஜாடில ஓட்டை கிடையாது, நான் ஊத்தின அத்தன தண்ணியும் அங்கதான் நின்னுருக்கு, செடி காலு முங்க நின்னு தவிச்சுருக்கு. "தாகத்துல வாடலம்மா, மூச்சு முட்டிதான் வாடிருக்கு"ன்னாங்க டீச்சர்.

இத நான் அன்னிக்குதான் ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டேன், அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன். இலை நிமிந்து நிக்குறது அதுக்குள்ள இருக்குற தண்ணியோட அழுத்தத்துல, சைக்கிள் டியூப்ல காத்து நிறைஞ்சா கெட்டியா இருக்குறாப்ல. அந்தத் தண்ணி குறைஞ்சா இலை தொங்கும். ஆனா ஏன் குறைஞ்சுதுங்குறதுலதான் விஷயம் இருக்கு. மண்ணு காஞ்சு போனாலும் குறையும், மண்ணுல தண்ணி நிறைய இருந்தும் வேரால உறிஞ்ச முடியலன்னாலும் குறையும். வேருக்கும் ஆக்சிஜன் வேணும், மண்ணுல துகளுக்கும் துகளுக்கும் நடுவுல இருக்குற சந்துல காத்து இருக்கும், அந்தக் காத்ததான் வேர் சுவாசிக்குது. அந்தச் சந்து எல்லாம் எந்நேரமும் தண்ணியாவே இருந்தா வேர் மூச்சுத் திணறி சாக ஆரம்பிக்கும், செத்த வேர்ல பித்தியம் பைட்டாப்தோரா மாதிரி கிருமிங்க வந்து அழுக வைக்கும், அழுகின வேர் தண்ணி இழுக்காது, மேல இலை தொங்கும். நாம அதப் பாத்துட்டு பாவம் தாகம் போலன்னு இன்னும் ஊத்துவோம். ரெண்டு நோய்க்கும் வெளிய தெரியுற அடையாளம் ஒண்ணேதான், அதனால இலைய மட்டும் பாத்து முடிவு பண்ணா பாதி தடவ தப்பாத்தான் போகும்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழை கொட்டினப்ப எங்க மொட்டை மாடில கத்திரி தக்காளி எல்லாம் மழை நின்னு வெயில் வந்த அன்னிக்குப் பாத்து தொபுக்குன்னு சரிஞ்சுதுங்க. அவ்ளோ மழைக்கு அப்புறம் ஏன் வாடுதுன்னு எல்லாரும் குழம்பினோம். இதேதான் காரணம், வேர் முங்கிக் கிடந்து வெந்து போச்சு, வெயில் வந்ததும் இலை தண்ணி கேக்குது, குடுக்க வேர் இல்ல.

சரி லில்லிக்கு வரேன். டீச்சர் சொல்லச் சொல்ல ஹால்ல பேப்பர் விரிச்சு தொட்டியக் கவுத்து மண்ணோட உருவினேன். வெளிப்பக்கம் இருந்த வேர் எல்லாம் கறுப்பா கொழகொழன்னு இருந்துச்சு. ஒரு வேரப் பிடிச்சு லேசா இழுக்கச் சொன்னாங்க, இழுத்தா மேல்தோல் மட்டும் உறை மாதிரி கழண்டு கையோட வந்துருச்சு, உள்ள நூல் மாதிரி ஒண்ணு மட்டும் தொங்கிட்டு நிக்குது. அதுதான் அழுகின வேருக்கு அடையாளம். உள்பக்கம் நடுவுல கொஞ்சம் வெள்ளையா கெட்டியா இருந்துச்சு, நகத்தால அழுத்தினா அமுங்கல, முளைக்கட்டின பயறோட வேர் மாதிரி ஒரு மொறமொறப்பு. அதப் பாத்ததும்தான் எனக்கு உயிர் வந்துச்சு.

குழாயத் தெறந்து விட்டு மண்ண மொத்தமா அலசினோம், கத்திரியத் தீயில வாட்டி ஆற வச்சுட்டு கறுப்பு வேர் எல்லாத்தையும் வெட்டினேன், வெட்டி முடிச்சப்ப பாதி வேர்கூட மிச்சமில்ல. அந்தப் புதரே தனித்தனிக் குருத்தா பிரிஞ்சு வந்துச்சு, மொத்தம் ஏழு, அதுல மூணு அடியே அழுகிப் போயிருந்துச்சு, தூக்கிப் போட்டேன், தேறினது நாலு. வேர் குறைஞ்சுட்டதால இலையையும் குறைக்கணும், இல்லன்னா இருக்குற கொஞ்ச வேர் அவ்ளோ இலைக்குத் தண்ணி குடுக்கத் திணறும், அதனால ஒவ்வொண்ணுலயும் நடுக்குருத்தோட மூணு நாலு இலை மட்டும் விட்டுட்டு மீதிய நறுக்கினேன். நறுக்கும்போது கை நடுங்குச்சு, சும்மா சொல்லல. அவ்ளோ அழகான இலை, சார் வாங்கினது.

மறுநாள் மண் கலந்தேன். கோகோபீட்ங்குற தேங்காய் நார்த் தூள் ரெண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட்ங்குற லேசான வெள்ளைக் குறுணைக் கல் ஒரு பங்கு. கோகோபீட் கட்டியா வாங்கினா ஊற வச்சு ரெண்டு மூணு தடவ நல்லா அலசிப் பிழிஞ்சுட்டுதான் போடணும், தேங்காய் நார்ல உப்பு இருக்கும், அலசாத கோகோபீட்ல நட்டு செடி போனவங்க நிறைய பேர். உரக்கடைல ட்ரைக்கோடெர்மா விரிடி பவுடர் கிடைக்கும், நல்லது செய்யுற பூஞ்சை அது, அழுக வைக்குற கிருமிய மண்ணுல அடக்கும், அதுல ஒரு ஸ்பூன் கலந்தேன். ஆனா ஏற்கனவே அழுகின வேர அது மறுபடி உயிராக்காது, வெட்டறத வெட்டித்தான் ஆகணும். தொட்டி சின்னதா எடுக்கணும்னு டீச்சர் கண்டிப்பா சொன்னாங்க, வேர் கொஞ்சமா இருக்குறப்ப பெரிய தொட்டில வச்சா சுத்தி இருக்குற மண்ணு காயவே காயாது, திரும்பவும் அதே கதைதான். நாலு குருத்தும் நாலு இஞ்ச்சுத் தொட்டில போச்சு. வெயில் நேரா படாத வெளிச்சத்துல வச்சு, மேல ஒரு பெரிய பாலித்தீன் கவர லூசா மூடினேன், ஈரப்பதம் உள்ளயே நிக்கும் இலை சீக்கிரம் உலராது, தினமும் அஞ்சு நிமிஷம் தெறந்து காத்து விடணும். வேற உரம் ஒரு துளி கூட போடல.

அப்புறம் காத்திருக்குறதுதான். 24ஆவது நாள் ஒரு குருத்துல சுருட்டி வச்ச பேப்பர் மாதிரி புது இலை எட்டிப் பாத்துச்சு. காலைல ஆறரை மணிக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன், டீச்சர்கிட்ட இருந்து திரும்ப வந்தது ஒரு கும்பிடு மட்டும்.

அதுக்கப்புறம் டீச்சர் வர்ற வரைக்கும் 31 தொட்டியையும் வேற மாதிரி பாக்க ஆரம்பிச்சேன். எந்தச் செடி வாடினாலும் சொம்பத் தேடிப் போறதுக்கு முன்னாடி ஈர்க்குச்சிய எடுக்குறேன். தென்னந்துடைப்பத்துல ஒரு குச்சி உருவி தொட்டி ஓரமா அடி வரைக்கும் சொருகி பத்து நிமிஷம் விட்டு எடுத்தா போதும், ஈரமா மண்ணு ஒட்டிட்டு வந்தா தண்ணி வேணாம், சுத்தமா வந்தா வேணும். விரல விட்டும் பாக்கலாம் ஆனா விரல் ரெண்டு இஞ்ச்சுதான் போகும், நம்ம ஊர் வெயில்ல மேல் மண்ணு பொசுக்குன்னு காஞ்சுரும் அடில சொதசொதன்னு இருக்கும், மேல பாத்து ஏமாறக் கூடாது. இன்னொண்ணு தூக்கிப் பாக்குறது. நல்லாத் தண்ணி ஊத்தி வடிஞ்சதும் ஒரு தடவ தூக்கிப் பாருங்க, மூணு நாள் கழிச்சு மறுபடி தூக்குங்க, கை அந்த வித்தியாசத்த ஞாபகம் வச்சுக்கும். கேஸ் சிலிண்டர ஆட்டிப் பாத்தே காலியா பாதியான்னு சொல்றோம்ல, அதே கைதான்.

எந்த நேரத்துல வாடுதுங்குறதும் பாக்கணும். மத்தியானம் ரெண்டு மணிக்கு வாடி சாயங்காலம் ஆறு மணிக்குத் தானா நிமிந்துட்டா பெரும்பாலும் நோய் கிடையாது, வெயில்ல வேர் இழுக்குறத விட இலை சீக்கிரம் ஆவியாக்குது, அவ்ளோதான். அக்னி நட்சத்திரம் மே 4ல இருந்து 28 வரைக்கும் எங்க மேற்குப் பாத்த பால்கனில அத்தன செடியும் தினமும் இப்படித்தான் கிடந்துச்சு. அந்த நேரத்துல மண்ணுல ஈரம் இருந்தா ஒண்ணும் பண்ணாதீங்க. காலைல ஆறு மணிக்கும் தொங்கிட்டு இருந்தாதான் கவலப்படணும், ராத்திரி முழுக்க நேரம் இருந்தும் தேறலன்னா ஒண்ணு வேர்ல பிரச்சினையா இருக்கும், இல்லன்னா மண்ணே வறண்டு போயிருக்கும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயில்ல எவ்ளோ சூடாகும்னு ஒரு தடவ உள்ளங்கைய வச்சுப் பாருங்க, உள்ள இருக்குற வேர் கதி தெரியும். நான் எல்லாத் தொட்டியையும் நெருக்கமா ஒண்ணா சேத்து வச்சு மேற்குப் பக்கம் பழைய சாக்க நனைச்சுப் போட்டேன், மண்ணு மேல தேங்காய் நார் பரப்பினேன், மேல பச்சை வலை. அந்த வெயிலத் தாண்டி வந்துருச்சுங்க.

நெஜமாவே தாகத்துல வாடினதும் உண்டு, டீச்சரோட தொங்குற மணி பிளான்ட். அது மேல உசரத்துல இருக்கு, நாற்காலி போட்டு ஏறணும், அதனால ரெண்டு வாரம் விட்டுப் போச்சு. இலை மெலிசா துவண்டு போய், தூக்கினா தொட்டி காத்து மாதிரி. தண்ணி ஊத்தினா நாலே செகண்ட்ல அடி வழியா கொட்டுது, ஆஹா நல்லாக் குடிச்சுருச்சுன்னு நெனச்சா ரெண்டு நாளாகியும் அப்படியே கிடக்கு. கோகோபீட் ரொம்பக் காஞ்சா தண்ணிய உள்ள வாங்காது, சுருங்கி தொட்டிச் சுவர விட்டு விலகி நிக்கும், ஊத்துற தண்ணி அந்த இடைவெளி வழியா ஓடிப் போயிரும். இதுக்கு மேல இருந்து ஊத்தி புண்ணியமில்ல. வாளில தண்ணி பிடிச்சு தொட்டிய அப்படியே உள்ள இறக்கிட்டேன், முட்டை முட்டையா குமிழி வந்துட்டே இருந்துச்சு, அரை மணி நேரத்துல நின்னுச்சு, வெளிய எடுத்து வடிய விட்டேன், மறுநாள் காலைல இலை நிமிந்துருந்துச்சு. இந்த மாதிரி வறட்சில வாடினது சீக்கிரம் மீண்டுரும், பீஸ் லில்லி எல்லாம் ரெண்டு மூணு மணி நேரத்துலயே எந்திரிச்சு நிக்கும், அழுகல் அப்படி இல்ல. அதனால சந்தேகம் இருந்தா கொஞ்சம் காய விடுறதே மேல், காஞ்ச செடியக் காப்பாத்தறது சுலபம்.

ஒரு அரிக்கா பனை என்னை ரொம்ப அலைக்கழிச்சுச்சு. ஈரம் சரியா இருக்கு, வேர் சரியா இருக்கு (கவுத்துப் பாத்தேன்), பூச்சி இல்ல, ஆனா தினமும் ஓலை கருகுது. ஒரு வாரம் தண்ணிய மாத்தினேன் இடத்த மாத்தல. ஒரு நாள் ராத்திரி அதுக்குப் பக்கத்துல நின்னு போன் பேசிட்டு இருக்கேன், எங்க பெட்ரூம் ஏசி ஆன் ஆச்சு, பால்கனி சுவத்துல மாட்டிருக்குற அவுட்டோர் யூனிட்ல இருந்து குபுகுபுன்னு அனல் காத்து, நேரா என் கால்லயும் அந்தப் பனை மேலயும். டீச்சர் இருந்த வரைக்கும் அது அவங்க பால்கனில அந்தப் பக்கம் இருந்துச்சு, நான்தான் தண்ணி ஊத்த வசதியா இருக்கும்னு எங்க பக்கம் கொண்டு வந்து வச்சேன். அப்புறம் பாத்தா கருகினது எல்லாம் யூனிட் பக்கம் இருக்குற ஓலை மட்டும், மறுபக்கம் பச்சைப் பசேல்னு இருக்கு. அதுவரைக்கும் அந்த வித்தியாசம் கண்ணுல படவே இல்ல. ஆறடி தள்ளி வச்சேன், அதோட நின்னுச்சு. செடில ஒரு பக்கம் மட்டும் வாடினா அந்தப் பக்கத்துல இருந்து என்ன வருதுன்னு பாருங்க, அனலோ, கண்ணாடில பட்டுத் திரும்புற வெயிலோ, உள்ள வச்சிருந்தா ஏசியோட நேர்க்காத்தோ.

நானா வாங்கின செம்பருத்தி ஒண்ணு வேற விதம். ஈசிஆர் ரோட்டோரம் வாங்கினேன், பூவோட இருந்துச்சு, வீட்டுக்கு வந்து நல்ல கலவைல மாத்தி வச்சேன், பத்து நாள்ல மொட்டு எல்லாம் உதிந்து கொழுந்து தொங்குது. ஈர்க்குச்சிய ஓரமா விட்டா ஈரம், நடுத்தண்டுப் பக்கம் விட்டா குச்சியே இறங்கல. சென்னைக்கு வர்ற நர்சரிச் செடிங்க நிறைய ஆந்திராவுல ராஜமுந்திரி பக்கம் கடியத்துல இருந்து லாரில வருது. அவ்ளோ தூரம் குலுங்கி வரும்போது வேர் உடையக் கூடாதுன்னு களிமண்ணுல இறுக்கமா உருண்டை பிடிச்சு அனுப்புறாங்க, அவங்களுக்கு அது தேவைதான். ஆனா அந்த உருண்டைய அப்படியே பொலபொலன்னு இருக்குற கலவைக்குள்ள வச்சா ஊத்துற தண்ணி சுத்தி இருக்குற மண்ணு வழியாவே இறங்கிரும், உருண்டை செங்கல் மாதிரி காஞ்சு நடுவுல நிக்கும், வேர் அத்தனையும் அந்தச் செங்கலுக்குள்ளதான் இருக்கு. வாளித் தண்ணில ஒரு மணி நேரம் ஊற வச்சு, இளகினதும் வெளிப்பக்கக் களிமண்ண மட்டும் விரலால மெதுவா வழிச்சு எடுத்துட்டு, சாயங்காலமா நட்டு ஒரு வாரம் நிழல்ல வைங்க. மொத்த மண்ணையும் பிச்சு எடுக்க வேணாம், நுனி வேர் அறுந்துரும். கறிவேப்பிலைக்கு வேரத் தொந்தரவு பண்றதே பிடிக்காது, அதுக்கு உருண்டைல அங்கங்க குச்சியால ஓட்டை போட்டு ஊற வச்சாலே போதும்.

தண்ணியே பிரச்சினையா இருக்கவும் வாய்ப்பு உண்டு, முக்கியமா கடலோரம் இருக்குற எங்கள மாதிரி ஆளுங்களுக்கு. எங்க ஃப்ளாட் திருவான்மியூர்ல, போர் தண்ணி நாக்குல வச்சாலே உப்பு தெரியும். இதுல நான் தண்ணிய வீணாக்கக் கூடாதுங்குற எண்ணத்துல ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய தள்ளுற தண்ணியப் பிடிச்சு செடிக்கு ஊத்திட்டு இருந்தேன். தண்ணில கரைஞ்சிருக்குற உப்பு அளவக் காட்டுற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கி வச்சுப் பாத்தா போர் தண்ணி 900 சொச்சம், மெஷின் வெளிய தள்ளுற தண்ணி 1500க்கு மேல. உப்ப வடிகட்டித் தள்ளுற தண்ணில உப்பு கூடத்தான இருக்கும், யோசிக்கல. இலை நுனி மட்டும் பழுப்பா கருகுறது, தொட்டி விளிம்புல வெள்ளையா பூத்த மாதிரி படியறது, மண்ணு ஈரமா இருந்தும் செடி சோந்து நிக்குறது, மூணும் சேந்து இருந்தா உப்பு சேந்துருச்சுன்னு அர்த்தம். மண்ணுல உப்பு கூடினா வேரால தண்ணி இழுக்க முடியாது. மழைத் தண்ணி கிடைச்சா அதுலயே, இல்லன்னா நல்ல தண்ணில, தொட்டி அளவப் போல மூணு மடங்கு தண்ணிய மெதுவா மேல இருந்து ஊத்தி அடி வழியா முழுசா ஓட விட்டா உப்பு கரைஞ்சு போயிரும். இப்ப அந்த ஆர்ஓ தண்ணி எங்க வீட்டுல தரை தொடைக்க மட்டும்தான்.

அடில தட்டு வைக்குறவங்க வடிஞ்ச தண்ணிய அரை மணி நேரத்துல கொட்டிருங்க, வேருக்கும் ஆகாது, கொசுவும் முட்டை போடும். கார்ப்பரேஷன்ல இருந்து கொசுப்புழு பாக்க வர்ற அக்கா முதல்ல குனிஞ்சு பாக்குறது செடித் தட்டதான்.

பூச்சி பத்தி சுருக்கமா. செடில எறும்பு ஏறி இறங்குதுன்னா இலைக்காம்பு இடுக்குல பாருங்க, பஞ்சு மாதிரி வெள்ளையா ஒட்டிருந்தா மாவுப்பூச்சி. அது சாற உறிஞ்சிட்டு கழிக்குற இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதப் பாதுகாக்கும், ஒரு செடில இருந்து இன்னொண்ணுக்குத் தூக்கிட்டும் போகும். முதல்ல தண்ணியப் பீச்சி அடிச்சுக் கழுவுங்க, மிச்சத்த பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு ஒத்தி எடுங்க, அப்புறம் ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரையுறதுக்கு நாலு சொட்டு சோப்பு, சாயங்காலமா தெளிக்கணும், வாரத்துக்கு ஒரு தடவையா மூணு வாரம். ஒரு இலைல அடிச்சுப் பாத்துட்டு மறுநாள் மீதிக்கு அடிங்க. இலை மேல ஊசி குத்தின மாதிரி வெளிறின புள்ளி, அடில மெல்லிய வலைன்னா சிவப்புச் சிலந்தி, ஒரு வெள்ளப் பேப்பர் மேல இலையத் தட்டினா நகருற புள்ளி தெரியும், வறண்ட வெயில்ல வரும், இலையோட அடிப்பக்கத்த தண்ணில அடிக்கடி கழுவிட்டே இருந்தா கட்டுக்குள்ள வந்துரும்.

துளசி பத்தி எழுதாம விட மனசு வரல. ஊர்ல அம்மா வீட்டு மாடத்துல துளசி மாத்தி மாத்தி செத்துட்டே இருந்துச்சு, அம்மா அத ஏதோ சகுனமா எடுத்துக்கிட்டு உள்ளுக்குள்ள வருத்தப்பட்டுட்டு இருந்தாங்க. இந்தத் தடவ போனப்ப ஒரு நாள் முழுக்க கவனிச்சேன். காலைல அம்மா குளிச்சுட்டு ஒரு சொம்பு. அப்பா சூரிய நமஸ்காரம் முடிச்சு ஒரு சொம்பு. அண்ணி கோலம் போட்டுட்டு ஒரு சொம்பு. சாயங்காலம் விளக்கு ஏத்தும்போது இன்னொண்ணு. மாடத்துக்கு அடில வடிகால் சிமெண்ட் வச்சு எப்பவோ அடைச்சாச்சு. பக்திதான் எல்லாம், ஆனா அந்த வேருக்கு ஒரு நாள் கூட மூச்சு விட நேரம் கிடைக்கல. அம்மாகிட்ட "உன் மேல எந்தக் குறையும் இல்லம்மா, தண்ணிதான் கூடப் போச்சு"ன்னு சொல்லி, கொத்தனார் அண்ணன வரச் சொல்லி அடில ஓட்டை போட்டு, உடைஞ்ச ஓடு போட்டு செம்மண்ணும் மணலும் மண்புழு உரமும் கலந்து புதுச் செடி வச்சோம். இப்ப எல்லாரும் ஒரு உத்தரணி தண்ணி மட்டும் விடுறாங்க, மண்ணு காஞ்சா அம்மா மட்டும் ஒரு சொம்பு. பூக்கதிர் வந்ததும் கிள்ளி விடச் சொல்லிருக்கேன், விதை முத்திட்டா செடி சோந்துரும். எட்டு மாசமாச்சு, மாடத்த மறைக்குற அளவுக்கு நிக்குது. அம்மா போன்ல மொதல்ல சொல்றதே அதத்தான்.

வாடின செடிக்கு உரம் போடாதீங்க, இத கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன். எங்க பில்டிங்லயே ஒருத்தங்க ரோஜா சோந்துருக்குன்னு டிஏபி உரம் ஒரு கைப்பிடி போட்டு ரெண்டு நாள்ல மொத்தமா கருகிருச்சு. உரமும் உப்புதான், நோயாளி வேர்ல பட்டா இருக்குற தண்ணியையும் வெளிய இழுத்துரும். தெரியாமப் போட்டுட்டா மேல தெரியுறத அள்ளி எடுத்துட்டு மேல சொன்ன மாதிரி தண்ணி விட்டு ஓட்டுங்க. அதே மாதிரி ஒரே நாள்ல மண்ணு மாத்தி இடம் மாத்தி மருந்தடிச்சு எல்லாத்தையும் செய்யாதீங்க. ஒண்ணச் செஞ்சுட்டு ஒரு வாரம் விடுங்க, இல்லன்னா எது நல்லது பண்ணுச்சு எது கெடுத்துச்சுன்னே தெரியாது. மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகும்னு காத்திருக்க வேணாம், அது ஆகாது, புது இலை எப்படி வருதுன்னு மட்டும் பாருங்க.

உயிர் இருக்கான்னே சந்தேகமா இருந்தா தண்ட நகத்தால லேசா சுரண்டுங்க. உள்ள பச்சையா ஈரமா இருந்தா இருக்கு. பழுப்பா காஞ்சிருந்தா கொஞ்சம் கீழ சுரண்டுங்க, பச்சை தட்டுற இடம் வரைக்கும் வெட்டி விட்டுட்டுப் பொறுமையா இருங்க. வேர் மொத்தமா போயி மேல மட்டும் பச்சை இருந்தா மணி பிளான்ட் மாதிரிச் செடிகள கணுவோட நறுக்கித் தண்ணில வைக்கலாம், செடி போனாலும் வம்சம் நிக்கும். டீச்சரோட 31ல ஒரு ரோஜாவையும் ஒரு பெரணியையும் என்னால காப்பாத்த முடியல. ரோஜா மேல இருந்து கறுத்துட்டே வந்துச்சு, வெட்ட வெட்ட கீழ இறங்குச்சு, கடைசில தரையோட போயிருச்சு. இப்பவும் அந்தக் காலித் தொட்டியப் பாத்தா ஒரு மாதிரி இருக்கும்.

ஆகஸ்ட் கடைசில டீச்சர் வந்தாங்க, விடியக்காலம் நாலரை மணிக்கு டாக்ஸி. பெட்டி ரெண்டையும் வாசல்லயே விட்டுட்டு செருப்பக் கூடக் கழட்டாம ஜன்னல் பக்கம் போனாங்க. பெரிய வெள்ள ஜாடி இருந்த இடத்துல நாலு சின்னத் தொட்டி, ஒவ்வொண்ணுலயும் அஞ்சாறு இலை. நான் பின்னாடி நின்னுட்டு இருக்கேன், சாரோட செடிய நான் இப்படி ஆக்கிட்டேனேன்னு தொண்டை அடைக்குது. அவங்க ஒண்ணும் பேசல, முதல் தொட்டில விரல விட்டாங்க, ரெண்டாவதுல விட்டாங்க, அப்புறம் நாலாவதத் தூக்கிப் பாத்துட்டு "இதுக்கு நாளைக்கு ஊத்தணும்"ன்னாங்க. நானும் தூக்கிப் பாத்து அதேதான் நெனச்சிருந்தேன்.

ஒரு வாரம் கழிச்சு அதுல ரெண்ட எனக்கே குடுத்துட்டாங்க. ஒண்ணு எங்க சமையக்கட்டு ஜன்னல்ல இருக்கு, இத எழுதறதுக்கு முன்னாடி போய்த் தூக்கிப் பாத்தேன், இன்னும் கனமாத்தான் இருக்கு, வியாழக்கிழமை வரைக்கும் தாங்கும்.